கேளுங்க அக்கா: பொண்ணுக்கு திடீர்னு நாப்பது சிஸ்டர்ஸ்

போன மாசம் ஒரு பதில்ல போற போக்குல 'சொரோரிட்டி'ன்னு (அமெரிக்கக் காலேஜ் பொண்ணுங்க சேர்ந்து வச்சுக்கற சகோதரிகள் சங்கம்) ஒரு வார்த்தைய விட்டுட்டேன், அவ்ளோதான், மெயில்பாக்ஸ் ரொம்பிடுச்சு. அதனால மத்த கேள்விகள (தோசை மாவு பொங்கலன்னு கேட்ட சேலம் வாசகி மன்னிக்கணும்) அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இந்த தடவ முழுக்க இதையே பேசிடலாம். நான் வாஷிங்டன் பக்கத்துல ஒரு காலேஜ் லைப்ரரில 11 வருஷம் வேலை பாத்தவ, இந்த பொண்ணுங்கள கிட்டக்க பாத்திருக்கேன், அந்த தைரியத்துலதான் பதில் சொல்றேன்.

கேள்வி: அக்கா, நாங்க டெக்சாஸ்ல சுகர்லேண்ட்ல இருக்கோம். ஒரே பொண்ணு, யுனிவர்சிட்டில ரெண்டாவது வருஷம். போன செப்டம்பர்ல சொரோரிட்டில சேர்ந்துட்டேன்னு போன்ல சொன்னா. அதுலேர்ந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்குறா, 'சாப்டர் மீட்டிங்ல இருக்கேம்மா'ங்கிறா. செமஸ்டருக்கு செமஸ்டர் பீஸ் வேற. 'எனக்கு இப்ப நாப்பது சிஸ்டர்ஸ்மா'ன்னு அவ சொன்னப்ப எனக்கு தொண்டைய அடைச்சுது, ரெண்டாவது குழந்தை எங்களுக்கு நிக்கல, அது அவளுக்கும் தெரியும். அவ அப்பா சினிமால பாத்ததெல்லாம் வச்சு குடி, கும்மாளம்னு பயப்படுறார். நான் என்ன பண்ணட்டும்?
– ஒரு அம்மா, சுகர்லேண்ட்

அம்மா, மொதல்ல அந்த தொண்டை அடைச்ச விஷயம். அவ உங்கள குத்திக்காட்ட சொல்லல. அங்க சேர்ந்த அன்னிலேர்ந்து எல்லாரும் எல்லாருக்கும் சிஸ்டர்தான், பேரே சரியா தெரியாத பொண்ணும் சிஸ்டர்தான், நம்ம ஊர்ல பஸ் கண்டக்டர் எல்லாரையும் 'அண்ணே அக்கா'ன்னு கூப்பிடற மாதிரி ஆரம்பத்துல அது வெறும் கூப்பிடற பேருதான். அதுல யாரு நெஜமாவே அக்காவா ஆகுறா, யாரு போட்டோல மட்டும் அக்காங்கறது ஒரு ரெண்டு வருஷம் போனாத்தான் தெரியும். அது உங்க பொண்ணுக்கே இன்னும் தெரிஞ்சிருக்காது.

எப்படி சேர்றாங்கன்னு சொன்னா உங்களுக்கு கொஞ்சம் பயம் தெளியும். 'ரெக்ரூட்மென்ட்'னு (பழைய ஆளுங்க 'ரஷ்'னு சொல்வாங்க) செமஸ்டர் ஆரம்பத்துல ஒரு வாரம் போல நடக்கும், பொண்ணுங்க ஒவ்வொரு சொரோரிட்டி வீடா போய் பேசிட்டு வருவாங்க, ஒவ்வொரு ரவுண்டுக்கும் இவங்க அந்த வீடுகள வரிசைப்படுத்தி எழுதித் தரணும், அந்த வீட்டுக்காரங்களும் இந்தப் பொண்ணுங்கள வரிசைப்படுத்துவாங்க, கம்ப்யூட்டர்ல போட்டு ரெண்டையும் பொருத்துவாங்க. நம்ம இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல சாய்ஸ் ஃபில்லிங் பண்ணுவோமே அதேதான், என்ன, இங்க காலேஜும் திருப்பி சாய்ஸ் ஃபில் பண்ணும்! கடைசி நாள் 'பிட் டே', எந்த வீட்டுல எடம்னு தெரியற நாள், கவர பிரிச்சுப் பாத்துட்டு பொண்ணுங்க அலறிக்கிட்டே ஓடுற வீடியோ எல்லாம் அன்னிக்கு எடுக்கறதுதான். கிடைக்காம ரூம்ல உக்காந்து அழற பொண்ணுங்களையும் நான் பாத்திருக்கேன், லைப்ரரிக்கு வந்து மூலைல உக்காந்துக்கும்ங்க, டிஷ்யூ பெட்டிய நானே கொண்டு போய் வச்சிருக்கேன். அந்த வீடியோ யாரும் போட மாட்டாங்க.

அப்புறம் அந்த ஞாயித்துக்கிழமை சாப்டர் மீட்டிங் (சாப்டர்னா அந்தக் காலேஜ்ல இருக்கற கிளை). அதுல ரகசிய பூஜை எதுவும் நடக்கல, பெரும்பாலும் கணக்கு வழக்குதான். தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லாம் தேர்தல் வச்சு எடுப்பாங்க, போன வார கூட்டத்துல என்ன முடிவாச்சுன்னு படிப்பாங்க, வராதவங்களுக்கு ஃபைன் போடுற சாப்டரும் உண்டு, ஜிபிஏ கொறைஞ்சா ஓரமா கூப்பிட்டு பேசுவாங்க. உங்க ஊர் பக்கம் மகளிர் சுய உதவிக் குழு கூட்டம் பாத்திருக்கீங்களா, பாய விரிச்சு உக்காந்து நோட்டுப் புத்தகத்துல கையெழுத்து வாங்குவாங்களே, நான் அந்த மீட்டிங் பத்தி கேட்டப்பல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. 19 வயசுல நாப்பது பேர் முன்னாடி எந்திரிச்சு நின்னு 'இந்த மாசம் இவ்ளோ செலவு, இவ்ளோ பாக்கி'ன்னு சொல்ல கத்துக்கறது சாதாரண விஷயம் இல்லம்மா, எனக்கு அது 35 வயசுல கூட வரல. (ரகசியமும் உண்டு. சேர்த்துக்கற சடங்கு, சங்கத்துக்குப் பேரா வச்ச கிரேக்க எழுத்துக்கு உள் அர்த்தம், இதெல்லாம் வெளில சொல்ல மாட்டாங்க. கேட்டு நச்சரிக்காதீங்க.)

அவ அப்பா பயம் பாதி நியாயம். பெரிய சொரோரிட்டிகளோட வீட்டுக்குள்ள பொதுவா மதுவுக்கு அனுமதி இல்ல, ஆனா பார்ட்டி நடக்கறது பசங்களோட ஃபிரட்டர்னிட்டி வீட்டுல, அங்க அந்த சட்டம் செல்லாது. அதனால 'குடிப்பியா'ன்னு கேக்காதீங்க, 'ராத்திரி பார்ட்டிலேர்ந்து உங்க பொண்ணுங்கள யாரு கூட்டிட்டு வருவாங்க'ன்னு கேளுங்க. ஒழுங்கான சாப்டர்ல அதுக்கு முறை போட்டு ஒரு பொண்ணு குடிக்காம கார் சாவியோட நிக்கும்.

பீஸ் விஷயம், ஒரே தொகையா கேட்டா குடுக்காதீங்க, பிரிச்சு கேளுங்க: தேசிய அமைப்புக்கு எவ்ளோ, சாப்டருக்கு எவ்ளோ, டி-ஷர்ட்டுக்கும் அலங்காரத்துக்கும் எவ்ளோன்னு. மொத செமஸ்டர் எப்பவும் ஜாஸ்தியா இருக்கும், அந்த வீட்டுலயே தங்கினா கணக்கே வேற. சேவைக்குப் போற பணத்த விட டி-ஷர்ட்டுக்குப் போறது ஜாஸ்தியா இருந்தா (இருக்கும்!) அவளே வெக்கப்பட்டு சொல்லட்டும்.

இன்னொண்ணும் கேளுங்க, 'சனிக்கிழமை காலைல நீங்க எல்லாரும் என்ன பண்ணுவீங்க'. வெள்ளிக்கிழமை ராத்திரி கதைய விட சனிக்கிழமை காலை கதைதான் ஒரு சாப்டர் எப்படிப்பட்டதுன்னு சொல்லும். ஏழு மணிக்கு எந்திரிச்சு உணவு வங்கில போய் டப்பா அடுக்குறோம், ஸ்கூல் பசங்களுக்கு படிக்கச் சொல்லிக் குடுக்கறோம்னு சொன்னா, சனியன் போய்த்தொலையட்டும்னு பீஸ கட்டிடுங்க.

கேள்வி: சொரோரிட்டிக்கு தமிழ்ல என்ன?
– ஒரு தமிழாசிரியர், மதுரை

ஐயா, நீங்களே சொல்லணும். லத்தீன்ல 'சோரோர்'னா சகோதரி, அதுலேர்ந்து வந்தது. வேடிக்கை என்னன்னா இந்த வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே இந்த அமைப்புகள் வந்தாச்சு, அப்ப அவங்களும் தங்கள 'ஃபிரட்டர்னிட்டி'ன்னுதான் சொல்லிக்கிட்டாங்க, அதாவது சகோதரர் சங்கம்! 1882ல சிராக்யூஸ் யுனிவர்சிட்டில ஃபிராங்க் ஸ்மாலின்னு ஒரு லத்தீன் வாத்தியார்தான் 'காமா ஃபை பீட்டா' பொண்ணுங்களுக்கு இந்த வார்த்தைய எடுத்துக் குடுத்தார்னு சொல்வாங்க. பழைய சில அமைப்புகள் இன்னிக்கும் 'நாங்க பெண்கள் ஃபிரட்டர்னிட்டி'ன்னுதான் போட்டுக்கறாங்க, மாத்த மாட்டோம்னு வீம்பு.

அந்த வீம்புக்கு ஒரு கதை இருக்கு. இண்டியானால கிரீன்காசில்னு ஒரு சின்ன ஊர், அங்க காலேஜ்ல (இப்ப டெப்பா யுனிவர்சிட்டி) 1867லதான் பொண்ணுங்கள சேர்க்க ஆரம்பிச்சாங்க, பெட்டி லாக்னு ஒரு வாத்தியார் பொண்ணு சேர்ந்துச்சு. பசங்க சங்கத்துல ஒருத்தர் எங்க பேட்ஜ குத்திக்கிறியான்னு கேட்டிருக்கார். அப்ப நானும் மெம்பரான்னு இது கேட்டிருக்கு, இல்ல, சும்மா அழகுக்கு குத்திக்கலாம்னு பதில் வந்திருக்கு. போங்கடான்னுட்டு அந்தப் பொண்ணு இன்னும் மூணு பேர சேத்துக்கிட்டு 1870 ஜனவரி 27ல 'காப்பா ஆல்ஃபா தீட்டா'ன்னு தானே ஒண்ண ஆரம்பிச்சுடுச்சு. பெண்களுக்குன்னு கிரேக்க எழுத்துல பேர் வச்ச மொத அமைப்பு அதுதான்.

கேள்வி: பசங்களுக்கு கிரேக்க எழுத்து மேல ஏன் இவ்ளோ ஆசை?
– ஒரு மாணவர், நாகர்கோவில்

1776ல வர்ஜீனியால வில்லியம் அண்ட் மேரி காலேஜ்ல 'ஃபை பீட்டா காப்பா'ன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அதுதான் மொத கோணல். அந்தக் காலத்துல கிரேக்கம் படிச்சவன்தான் படிச்சவன். நமக்கு பிசிக்ஸ் பரிச்சைல மட்டும் உதவின எழுத்து.

கேள்வி: எங்க ஊருக்குப் பக்கத்துல துளசேந்திரபுரம், கமலா ஹாரிஸோட தாத்தா பி.வி. கோபாலன் குடும்பத்தோட பூர்வீக ஊர். 2020ல அவங்க பேசினப்ப 'சித்தி'ன்னு சொன்னத கேட்டு தெருவே கை தட்டுச்சு. அதே பேச்சுல ஆல்ஃபா காப்பா ஏதோ சொன்னாங்களே, அது என்ன சொந்தம்?
– ஒரு வாசகர், மன்னார்குடி

ஐயா, உங்க கேள்விய படிச்சதும் எனக்கு சந்தோஷமா போச்சு. 2020 ஆகஸ்ட் 19, துணை அதிபர் வேட்பாளரா ஏத்துக்கிட்டு பேசின பேச்சு. 'என் குடும்பம்'னு ஒவ்வொருத்தரா சொல்லிட்டு வந்தாங்க, அதுல சித்திகளும் வந்தாங்க, 'என்னோட ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா'வும் வந்துச்சு. நம்ம ஆளுங்க சித்திக்கு கை தட்டினாங்க, அங்க லட்சக்கணக்கான கறுப்பின பெண்கள் அந்த ரெண்டாவது பேருக்கு கண்ணு கலங்கினாங்க. என்கூட லைப்ரரில வேலை பாத்த ஒரு அம்மா, அப்பவே எழுபது தாண்டினவங்க, மறுநாள் போன் பண்ணி 'சித்தின்னா என்ன'ன்னு என்கிட்ட கேட்டாங்க, நான் ஏகேஏ பத்தி அவங்ககிட்ட கேட்டேன், ஒரு மணி நேரம் போச்சு.

ஏகேஏன்னுதான் சுருக்கி சொல்வாங்க. வாஷிங்டன்ல ஹோவர்ட் யுனிவர்சிட்டி, கறுப்பின மக்களுக்குன்னு வந்த பெரிய கல்லூரிகள்ல ஒண்ணு, அங்க 1908 ஜனவரி 15ல எத்தல் ஹெட்ஜ்மன்ங்கற பொண்ணு முன்ன நின்னு ஆரம்பிச்ச சொரோரிட்டி. அடிமைமுறை ஒழிஞ்சு 43 வருஷம்தான் ஆகியிருந்துச்சு, அந்தப் பொண்ணுங்களோட பாட்டிமார் பல பேர் அடிமையா பொறந்தவங்களா இருந்திருப்பாங்க. வெள்ளைக்காரப் பொண்ணுங்க சங்கத்துல இவங்கள வாசப்படி ஏத்த மாட்டாங்க. அதனால இவங்களுக்கு சொரோரிட்டிங்கறது காலேஜ் காலத்து ஜாலிக்கு மட்டும் வந்தது கிடையாது, படிச்ச கொஞ்ச பேரு படிக்காத மிச்ச பேருக்கு என்ன செய்யப் போறோம்ங்கற கேள்வியோட வந்தது. கமலா ஹாரிஸ் ஹோவர்ட்ல படிச்சப்ப 1986ல அதுல சேர்ந்தாங்க. 2020ல அவங்க பேர் அறிவிச்சதும் தேர்தல் நிதிக்கு 19 டாலர் 8 சென்ட்னு ஒரே மாதிரி நன்கொடை கொட்டுச்சு, ஏன் அந்த சில்லறைன்னு பாத்தா, 1908!

இப்ப நான் உங்களுக்கு முக்கியமா சொல்ல வந்தது மிசிசிப்பி கதை. ஐடா ஜாக்சன்னு ஒரு டீச்சர், மிசிசிப்பில பொறந்து கலிபோர்னியால ஓக்லண்ட்ல வேலை பாத்தவங்க, 1930கள்ல ஏகேஏ தலைவியா இருந்தாங்க. 1934 கோடைல சொந்த மாநிலத்துக்குப் போய் கிராமத்து டீச்சர்களுக்கு பயிற்சி குடுக்கலாம்னு ஆரம்பிச்சாங்க. அங்க போனா, பிள்ளைங்களுக்கு சாப்பாடே இல்ல, உடம்பு பூரா நோய், இந்த நெலமைல எதப் போய் பாடம் நடத்தறதுன்னு ஆயிடுச்சு. அடுத்த வருஷம் 1935ல திட்டத்த மாத்தி டாக்டர் டோரதி ஃபெரபீங்கறவங்க தலைமைல டாக்டர், நர்ஸ், டீச்சர்னு சொரோரிட்டி பொண்ணுங்களே கோடை லீவுல கெளம்பினாங்க. கறுப்பினத்தவங்களுக்கு ரயில் டிக்கெட் தரமாட்டோம்னு சொல்லிட்டாங்க. சரின்னு சொந்தக் கார்ல மருந்தையும் ஊசியையும் ஏத்திக்கிட்டு வாஷிங்டன்லேர்ந்து மிசிசிப்பி வரைக்கும் போனாங்க, நம்ம கன்னியாகுமரிலேர்ந்து நாக்பூர் போற தூரம்னு வச்சுக்கங்க, வழில தங்க ஓட்டல் கிடையாது, கறுப்பினத்தவங்கள சேர்க்க மாட்டாங்க. அங்க போய் ஒரு எடத்துல கிளினிக் போட்டா ஜனங்க வரணுமே, பருத்திக் காட்டு முதலாளிங்க கூலி ஆளுங்கள வேலைய விட்டு அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. அப்பவும் திரும்பல. நீங்க வராட்டி நாங்க வர்றோம்னு காரையே கிளினிக்கா மாத்தி பருத்திக் காட்டுக்குள்ளயே போயிட்டாங்க. டிஃப்தீரியா, அம்மை ஊசி போட்டாங்க, பல்லு பாத்தாங்க, எத சாப்பிட்டா ரத்தம் ஊறும்னு சொல்லிக் குடுத்தாங்க. யுத்த காலத்துல 1942ல நிக்கிற வரைக்கும் வருஷா வருஷம் இது நடந்துச்சு.

இந்தக் கதைய எனக்கு சொன்னப்ப அந்த லைப்ரரி அம்மா ஒரு வார்த்தை கூட சத்தமா பேசல, ஆனா கார் கதை வந்தப்ப சிரிச்சாங்க. அவங்களுக்கு அது குலதெய்வக் கதை மாதிரி.

இவங்களுக்குள்ளயும் சண்டை உண்டு, கழகம் உடையறது நமக்கு மட்டும் சொந்தமா என்ன. 1912ல ஏகேஏல இருந்த பொண்ணுங்க சில பேரு பேரு, கலர் எல்லாத்தையும் மாத்தி இன்னும் பொது விஷயத்துல எறங்கணும்னாங்க, படிச்சு முடிச்ச மூத்தவங்க மாட்டோம்னாங்க. 22 பேர் பிரிஞ்சு 1913 ஜனவரி 13ல 'டெல்டா சிக்மா தீட்டா' ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சு ரெண்டு மாசம் கூட ஆகல, மார்ச் 3ல வாஷிங்டன்ல பெண்களுக்கு ஓட்டு கேட்டு பெரிய ஊர்வலம், அதுல போய் நடந்தாங்க. கறுப்பினப் பெண்கள் கடைசில வந்தா போதும்னு சொன்ன ஊர்வலம் அது, தெருல நின்னவங்க பெண்கள் மேல எச்சில் துப்பின ஊர்வலமும் அதுதான், அதுல இந்த சின்னப் பொண்ணுங்க போனாங்க. ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள்ல மொத மொதல்ல காங்கிரஸுக்கு (அமெரிக்க நாடாளுமன்றம்) ஜெயிச்ச ஷெர்லி சிஷம் டெல்டாதான். சிவில் ரைட்ஸ் காலத்துல பெரிய தலைவியா இருந்த டோரதி ஹைட்டும் டெல்டா, 1947லேர்ந்து 1956 வரைக்கும் அதுக்கே தலைவியா இருந்தாங்க.

சொந்தம் என்னன்னு கேட்டீங்கல்ல, காலேஜ் முடிஞ்சும் விடாத சொந்தம். வெள்ளைக்கார சொரோரிட்டிகள்ல டிகிரி வாங்கினதும் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு கடுதாசிதான், இவங்கள்ல வேலைக்குப் போனவங்க, பாட்டியானவங்க எல்லாருக்கும் தனி சாப்டர் உண்டு, அதுலதான் பெரிய சேவை வேலையெல்லாம் நடக்கும். கூட்டத்துல ஒருத்தர ஒருத்தர் பாத்தா ஏகேஏக்காரங்க 'ஸ்கீ-வீ'ன்னு கீச்சுக் குரல்ல ஒரு சத்தம் குடுப்பாங்க, அசப்புல நம்ம குலவை மாதிரியே இருக்கும். மெம்பர் இல்லாதவங்க குடுக்கக் கூடாது, நான் ஒரு தடவ ஆர்வக்கோளாறுல குடுத்து மொறைப்பு வாங்கியிருக்கேன்.

கேள்வி: பணக்கார வீட்டுப் பொண்ணுங்க கிளப். கேக் வித்து நூறு டாலர் தர்மம் பண்ணிட்டு ஆயிரம் போட்டோ. இதுக்கு பேரு சேவையா?
– ஒரு வாசகர், சென்னை-33

கோபமா எழுதியிருக்கீங்க, பரவால்ல, நான் முழுசா மறுக்க மாட்டேன். அங்கயே ரெண்டு வார்த்தை வச்சிருக்காங்க, 'ஃபிலாந்த்ரோபி'ன்னா பணம் தெரட்டித் தர்றது, 'சர்வீஸ்'னா நேர்ல போய் ஒடம்பால உழைக்கிறது. மொத வகைதான் அதிகம். ராத்திரி பேன்கேக் சுட்டு விப்பாங்க, 'பை'ங்கற கிரீம் பண்டத்த மூஞ்சில வீச அஞ்சு டாலர் வாங்குவாங்க. பாக்க வெளையாட்டுத்தனமாதான் இருக்கும். ஆனா ஒவ்வொரு அமைப்பும் ஒரே ஒரு காரியத்த புடிச்சிக்கிட்டு வருஷக்கணக்கா விடாம செய்யறதால அது எங்கயோ போய் நிக்குது. 'ட்ரை டெல்டா'க்காரங்களுக்கு மெம்ஃபிஸ்ல செயின்ட் ஜூட் புத்துநோய் குழந்தைகள் ஆஸ்பத்திரி, 'டெல்டா காமா'க்காரங்களுக்கு 1936லேர்ந்து கண் பார்வை, 'ஸீட்டா டாவ் ஆல்ஃபா'க்காரங்களுக்கு மார்பகப் புத்துநோய், 'காப்பா ஆல்ஃபா தீட்டா'க்காரங்களுக்கு கொடுமைக்கு ஆளாகி, கவனிப்பில்லாம கோர்ட்டு வரைக்கும் வந்த குழந்தைகளுக்கு குரல் குடுக்கற திட்டம்.

உழைச்சதும் உண்டு. 'பை பீட்டா ஃபை', 1867ல இல்லினாய்ஸ்ல மான்மத் காலேஜ்ல 12 பொண்ணுங்க வேற பேர்ல ஆரம்பிச்சது, இந்த கிரேக்கப் பேர் பின்னாடி வந்தது. இவங்க 1912ல டென்னசி மலைல கேட்லின்பர்க்ல ஒரு பள்ளிக்கூடம் தொறந்தாங்க, அப்ப அது ரோடு கூட இல்லாத மலங்காடு. பாடத்தோட நெசவும் கூடை முடையறதும் வளத்து, ஊர்ப் பெண்கள் கையால செஞ்சத வெளியூர்ல வித்துக் குடுத்தாங்க. அது இப்பவும் ஏரோமான்ட்ங்கற பேர்ல கைவினைப் பள்ளியா நடக்குது.

ஆனா நீங்க கேக்காத ஒண்ண நானே சொல்லிடறேன், இவங்க மேல பெரிய கறை போட்டோ கிடையாது, யார உள்ள விடறாங்கங்கறது. அலபாமா யுனிவர்சிட்டில 2013ல மாணவர் பத்திரிகை கிரிம்சன் ஒயிட் ஒரு செய்தி போட்டுச்சு, நல்ல மார்க், நல்ல குடும்பம் எல்லாம் இருந்தும் ஒரு கறுப்பினப் பொண்ண சொரோரிட்டிகள் வரிசையா வேணாம்னுடுச்சு, உள்ள இருந்த பொண்ணுங்க சில பேரு சேத்துக்கலாம்னு சொல்லியும் பழைய மெம்பர்கள் தடுத்துட்டாங்கன்னு. பெரிய ரகளை ஆச்சு, ஊர்வலம் போனாங்க, அப்புறம்தான் கதவு தொறந்துச்சு. வருஷத்த பாருங்க, 2013! அக்கா தங்கச்சின்னு பாட்டு பாடற எடத்துல யாரு தங்கச்சி ஆகலாம்னு கல்யாணத்துக்கு வரன் பாக்கற மாதிரி பாக்கறாங்க. இத செய்தவங்கள்லயும் உண்டியல் ஏந்தினவங்க இருந்திருப்பாங்க. அதனால தர்மக் கணக்க காட்டினா மட்டும் நான் மயங்க மாட்டேன்.

கேள்வி: நம்ம ஊர் ராகிங்தானே அங்க 'ஹேசிங்'?
– ஒரு மாணவி, கோயம்புத்தூர்

அதேதான் கண்ணு, ஒரு வித்தியாசம், ராகிங்ல நீ மாட்டிக்கிட்டு போற, ஹேசிங்ல நீயே உள்ள போகணும்னு ஆசைப்பட்டு போற, அதனால வாய தொறக்க மாட்ட. தூங்க விடாம வேலை வாங்கறது, கேவலமா பேச வைக்கறது, குடிக்க வைக்கறது. ஆம்பளப் பசங்க சங்கங்கள்ல செத்தே போயிருக்காங்க, பொண்ணுங்க பக்கமும் சுத்தம்னு சொல்ல முடியாது. கறுப்பின அமைப்புகளோட கூட்டமைப்பு 1990லயே பழைய 'பிளெட்ஜிங்' முறை (சேர்றதுக்கு முன்னாடி புதுசா வந்தவங்கள சோதிக்கறது) வேண்டாம்னு நிறுத்துச்சு, நிறுத்தினாலும் மறைவா நடந்துச்சு. நம்ம தமிழ்நாட்டுல ஒரு மருத்துவ மாணவர் கொலையான பிறகு 1997ல ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு, அங்க நாடு முழுக்க காலேஜ்கள் ஹேசிங் கணக்க வெளில சொல்லியே ஆகணும்ங்கற சட்டம் 2024 டிசம்பர்லதான் கையெழுத்தாச்சு.

அங்க படிக்கப் போறியா? 'இத யார்கிட்டயும் சொல்லாத'ன்னு எந்த அக்கா சொன்னாலும் அன்னிக்கே அம்மாவுக்கு போன் பண்ணு.

கேள்வி: நான் நியூஜெர்சில பொறந்த தமிழ்ப் பொண்ணு, அடுத்த வருஷம் காலேஜ். தேசி சொரோரிட்டில சேரலாமா, பெரிய சொரோரிட்டிக்கு போகலாமா? அம்மா ரெண்டும் வேணாம், தமிழ்ச் சங்கம் போதும்னு சொல்றாங்க. (அம்மா உதவியோட தமிழ்ல எழுதினேன், தப்பு இருந்தா சாரி.)
– ஒரு வாசகி, எடிசன்

தப்பே இல்ல தங்கம், என்னை விட நல்லா எழுதற. தெற்காசியப் பொண்ணுங்களுக்குன்னு சொரோரிட்டி வந்ததே 1998லதான், ஒரே வருஷத்துல ஆஸ்டின்ல 'காப்பா ஃபை காமா', ஹூஸ்டன்ல 'டெல்டா ஃபை ஒமேகா', நியூயார்க்ல 'சிக்மா சிக்மா ரோ'ன்னு மூணும் மொளைச்சுது. எழுவதுகள்ல எம்பதுகள்ல போன டாக்டர், இன்ஜினியர் வீட்டுப் பிள்ளைங்க காலேஜ் வயசுக்கு வந்த நேரம், இங்க வெள்ளைக்கார வீட்டுலயும் ஒட்டல, அங்க இந்தியாலேர்ந்து நேரா படிக்க வந்தவங்களோடயும் ஒட்டல, சரி நாமளே ஒண்ணு வச்சுக்கலாம்னுட்டாங்க.

அதுல சேர்ந்தா அம்மாகிட்ட எத மறைக்கணும், எத சொல்லலாம்னு வெளக்காமலே எல்லாருக்கும் புரியும், அது பெரிய நிம்மதி. ஆனா ஒண்ணு பாத்துக்கோ, சில எடத்துல தேசின்னா இந்தி பாட்டும் பங்க்ராவும் மட்டும்தான், நீ பொங்கல் வைக்கலாமான்னு கேட்டா 'சோ க்யூட்'னுட்டு போயிடுவாங்க. மொத மாசமே கேட்டுப் பாரு, மூஞ்சிய பாத்து முடிவு பண்ணு. பெரிய சொரோரிட்டிக்கும் தாராளமா போ, பாக்காம வேணாம்னு சொல்லாத. எதுக்குப் போனாலும் மூணாவது, நாலாவது வருஷப் பொண்ணுங்க எத்தன பேர் இன்னும் கூட்டத்துக்கு வர்றாங்கன்னு எண்ணிப் பாரு, மொத வருஷப் பொண்ணுங்க எல்லா எடத்துலயும் சந்தோஷமாதான் இருக்கும். தமிழ்ச் சங்கம் எங்கயும் போகாது, அம்மாவுக்கு நான் கேட்டதா சொல்லு.

கேள்வி: உங்க பேஸ்புக்ல ஒரு கறுப்பின அம்மா காஞ்சிபுரம் பட்டுல இருக்காங்களே, பச்சை உடம்பு, ரோஸ் பார்டர். நாங்க நெசவுக் குடும்பம், அந்த ஷேடுல எங்க பக்கம் யாரும் கேக்க மாட்டாங்க. யார் அவங்க?
– ஒரு வாசகி, காஞ்சிபுரம்

மேல சொன்ன லைப்ரரி அம்மாதான்! ஏகேஏ கலர் ரோஸும் பச்சையும், சால்மன் ரோஸ், ஆப்பிள் பச்சை, ஒரு இழை மாறினாலும் ஒத்துக்க மாட்டாங்க. ஊருக்கு வர்றப்ப என்ன வாங்கிட்டு வரட்டும்னு கேட்டேன், ஒரு ரிப்பன் துண்ட பர்ஸ்லேர்ந்து எடுத்துக் குடுத்து இந்தக் கலர்னாங்க. காந்தி ரோட்டுல ஏழு கடை ஏறி எறங்கினேன், கடைசில ஒருத்தர் தறில போட்டே குடுத்தார், என்னம்மா கலர் இது, கிளிக்கு கட்டவான்னு கேட்டுக்கிட்டே. ஜனவரி 15, ஆரம்பிச்ச நாள் விழாவுக்கு கட்டிக்கிட்டு போனாங்க, நான்தான் காலைல போய் கொசுவம் வச்சு விட்டேன், பின் குத்தி பத்திரப்படுத்தி அனுப்பினேன். அந்த ஹால்ல நடந்த குலவைய போன்லயே கேட்டேன்.

வீட்டுக்காரர் தவறினப்ப அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன், அடுப்பங்கரைல எனக்கு வேலையே இல்ல, அம்பது வருஷத்துக்கு முன்னாடி கூட சேர்ந்த ஆறு பாட்டிங்க வந்து மூணு நாளா சமைச்சு, பாத்திரம் கழுவி, யார் யாருக்கு போன் பண்ணணும்னு லிஸ்ட் போட்டு, தூங்கற நேரத்துக்கு முறை வேற வச்சிருந்தாங்க. சுகர்லேண்ட் அம்மாவுக்கு நாப்பது சிஸ்டர்ஸ்ல யாரு மிஞ்சுவாங்கன்னு மேல சொன்னேனே, நான் பாத்தது இந்த ஆறு பேர.

போன வாரம் அந்த அம்மாகிட்டேர்ந்து மெசேஜ். அவங்க பக்கத்து வீட்டுக்காரங்க டெல்டாவாம், ரத்தச் சிவப்புல கிரீம் பார்டர் வேணுமாம், 'ஆனா என் புடவைய விட கொஞ்சம் சுமாரா பாத்து வாங்கு'ன்னு எழுதியிருக்காங்க. உங்க தறி காலியா இருந்தா பத்திரிகை ஆபீசுக்கு ஒரு கடுதாசி போடுங்க.